வட்டுக்கோட்டைக்கு வந்த அமெரிக்கக் கல்லூரி

காரைக்கால் நகருக்கு வடக்கே, கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் மண்டபத்தூர். இவ்வூர்க் கரையிலிருந்து வடக்கே சில கல் தொலைவில் தரங்கம்பாடி, தெற்கே காரைக்கால். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. காரைக்கால் 1739 முதல் 1954 வரை, ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த ஆண்டுகள் நீங்கலாக, பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஒரு பகல் நேரத்தில் நடந்து கடந்துவிடக்கூடிய இக்கரையில் இரண்டு ஐரோப்பிய நாடுகள் பள்ளிக்கூடம் நடத்தின. சீகன்பால்கு 1707இலேயே தரங்கம்பாடியில் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி திறந்தார். காரைக்காலில் பிரெஞ்சு கற்றவர்கள் பிரெஞ்சு அரசின் அலுவலராகவும் படைவீரராகவும் இந்தோசீனா வரை சென்றனர். இவையெல்லாம் இப்பகுதியினர் நன்கு அறிந்தவையே.

நாம் இங்கே பேச விழைவது மூன்றாவது நாடொன்றின் கல்வியைப் பற்றி. அது நம் கரையில் இறங்கவில்லை. மண்டபத்தூரிலிருந்து கடல்வழியே தெற்கு நோக்கிக் கோடியக்கரையையும் பாக்கு நீரிணையையும் தாண்டிச் சென்றால் யாழ்ப்பாணக் குடாநாடு வரும். அதன் மேற்குப் பக்கத்தில் உள்ள ஊர் வட்டுக்கோட்டை. நேர்கோட்டில் அளந்தால் இங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அவ்வூரில் 1823ஆம் ஆண்டு அமெரிக்கர்கள் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு 34 ஆண்டுகள் முன்பு!

இன்று நம் ஊர்களின் திருமண வீடுகளில் 'பையன் அமெரிக்காவில் படிக்கிறான்' என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு நாம் அறிந்ததே. அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகள் தரமானவையா, கல்லூரிகளின் பண்பாடு நமக்கு ஒத்துவருமா, கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற படிப்புக் கிடைக்குமா என்ற வாதங்களும் ஓய்வதில்லை. அவற்றில் ஈடுபடுவோர் பலருக்கு, அமெரிக்கக் கல்லூரி ஒன்று தமிழ் மண்ணுக்கே வந்து, 32 ஆண்டுகள் நடந்து, அதை நிறுவியவர்களாலேயே மூடப்பட்ட கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு கல்லூரியின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு அக்கதையில் விடை இருப்பதாக நாம் கருதுகிறோம்.

மதராசுத் துணியும் யேல் கல்லூரியும்

கதையைச் சற்று முன்னதாகவே தொடங்கவேண்டும். அமெரிக்கக் கல்வியால் தமிழகம் பயன் பெறுவதற்கு முன்பே தமிழகத்தால் அமெரிக்கக் கல்வி பயன் பெற்றுவிட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

எலிஹு யேல் என்பவர் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து, 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது அவருடைய காலத்தில்தான். பதவியில் இருந்தபடியே சொந்த வணிகமும் செய்து பெரும் பொருள் ஈட்டினார். அவர் காலத்தில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதையும் ஆவணங்கள் சொல்கின்றன. பின்னாளில் இலண்டனில் வாழ்ந்த அவரிடம், கனெக்டிகட்டில் நொடித்துக்கிடந்த சிறு கல்லூரி ஒன்றுக்காக உதவி கேட்கப்பட்டது. அவர் 1718இல் அனுப்பியவை ஒன்பது பொதி சரக்கு, 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம். சரக்கு ஏறத்தாழ 562 பவுனுக்கு விலைபோயிற்று. நன்றிக்கடனாகக் கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

ஆக, இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பின்னால் சோழமண்டலக் கரையில் ஈட்டப்பட்ட செல்வம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அந்த யேலில் படித்த ஒருவர் தமிழ் கற்று வட்டுக்கோட்டையில் குடியேறினார். வரலாறு இப்படியும் சில கடன்களைத் தீர்க்கும் போலும்.

அமெரிக்கர் வருகை

அமெரிக்க மிஷன் சங்கம் 1810இல் உருவானது; அதன் தலைமையிடம் பாஸ்டன். அதன் முதல் தூதுவர்கள் 1812இல் கல்கத்தாவை அடைந்தபோது, கம்பெனி அரசு அவர்களை இருக்க விடவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் போரில் ஈடுபட்டிருந்த காலம் அது. அவர்களுள் சாமுவேல் நியூவெல் என்பவர் இலங்கைக்கு வந்து, 1813இல் யாழ்ப்பாணத்தைப் பார்த்தார். மக்கள் தமிழ் பேசினர். அத்தமிழ் கடலுக்கு அப்பாலும் பரந்து பேசப்பட்டது. மிஷன் பணிக்கு ஏற்ற இடம் இதுவே என்று அவர் எழுதினார்.

அதன் பயனாக 1816இல் நால்வர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். டானியல் பூவரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பளையில் தங்கினர். பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையில் தங்கினர். போர்த்துக்கீசர் கட்டி, ஒல்லாந்தர் கைக்கு மாறி, பின்னர் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களே அவர்களுக்குக் கிடைத்த இருப்பிடம். அவற்றைச் செப்பனிட்டுக் குடிபுகுந்தனர். வாரன் 1818இலும் ரிச்சர்ட்ஸ் 1822இலும் நோயால் இறந்தனர்.

பூவர் டார்ட்மத் கல்லூரியிலும் மெய்க்ஸ் யேலிலும் படித்தவர்கள். பின்னால் வந்த லீவை ஸ்போல்டிங்கும் டார்ட்மத் மாணவரே. அக்கால நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளை இன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. அவை சிற்றூர்களில் அமைந்தவை; சில ஆசிரியர்களும் நூறு இருநூறு மாணவர்களும் கொண்டவை. மாணவர் ஓரிடத்தில் தங்கி, ஒரே பாடத்திட்டத்தை அனைவரும் சேர்ந்து கற்பார்கள். கணிதம், மொழிகள், இயற்கைத் தத்துவம், தருக்கம், பேச்சுக்கலை எல்லாம் ஒருவனுக்கே கற்பிக்கப்படும். ஒரு தொழிலுக்கு ஆளைத் தயாரிப்பது தன் வேலை அன்று, மனத்தைப் பண்படுத்துவதே தன் வேலை என்று யேல் கல்லூரி 1828இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. இந்த மாதிரியைத்தான் அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

பெயரில் கல்லூரி இல்லை

'தமிழ் இளைஞர்க்கும் பிறர்க்குமான கல்லூரி' என்ற திட்டத்தை மிஷனரிகள் 1823இல் அச்சிட்டு வெளியிட்டனர். ஆங்கிலத்தை ஆழமாகக் கற்பித்தல், தமிழ் இலக்கியத்தை வளர்த்தல், தெரிந்தெடுத்த சிலருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தல், ஐரோப்பிய அறிவியல்களைப் புகட்டுதல் என்பன அதன் நோக்கங்கள். ஆனால் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்கர்களை விரும்பாதவர். 1820இல் வந்திறங்கிய மிஷன் அச்சாளரைத் தங்க விடாமல் திருப்பி அனுப்பியவரும் அவரே. கல்லூரி என்ற தகுதிக்கு உரிய சாசனம் கிடைக்கவில்லை. எனவே அது 'வட்டுக்கோட்டை செமினரி' என்ற பெயரிலேயே இயங்கியது. பூவர் அதன் முதல் தலைவரானார்.

அடுத்த ஆண்டு, 1824இல், உடுவிலில் பெண்களுக்கு விடுதியோடு கூடிய பள்ளி தொடங்கப்பட்டது. ஹாரியட் வின்ஸ்லோ அதை நடத்தினார். அவர் 1833இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். பள்ளி இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக இயங்குகிறது.

செமினரியில் என்ன படித்தார்கள்? அட்சரகணிதம், யூக்ளிடின் கேத்திரகணிதம், திரிகோணகணிதம், இயற்கைத் தத்துவம், வேதியியல், வானியல், தருக்கம், வரலாறு, புவியியல், விவிலியம் ஆகியவை ஒருபுறம். திருக்குறள், நன்னூல் முதலிய தமிழ் நூல்கள் மறுபுறம். மெக்காலே 1835இல் கீழைநாட்டு நூல்களை இழித்துரைத்துக் குறிப்பு எழுதுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, ஆங்கிலமும் தமிழும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன என்பது சிறப்பாகக் கருதத்தக்கது.

வானியல் அங்கே தனிச்சிறப்புப் பெற்றது. 1829இல் நிகழ்ந்த சந்திரகிரகணத்தை ஒட்டி, உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பும் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. கிரகணம் நிகழ்ந்தபோது பூவரின் கணிப்பே சரியாக அமைந்தது. அதை மதவாதத்துக்கு ஒரு கருவியாக மிஷனரிகள் பயன்படுத்தினர் என்பது உண்மை. எனினும் விளைவு அத்தோடு முடியவில்லை. 1836 முதல் தலைவராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் தமிழ்ச் சோதிட நூல்களைத் தாமே கற்று, 1848இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறகு சைவசித்தாந்தத்துக்குள் புகுந்து சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவை 1850களில் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. சைவரை மாற்ற வந்தவர் சைவ நூல்களை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்துவிட்டுப் போனார்!

இலங்கைக் குடியேற்றச் செயலராயிருந்த எமர்சன் டென்னன்ட், 1850இல் வெளியிட்ட நூலில், இந்தச் செமினரியைப் பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பவைத்துப் பாராட்டியுள்ளார். அவர் பிரிட்டிஷ் அரசின் அலுவலர், அமெரிக்க மிஷனைப் புகழவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதவர்.

மாணவர்களின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று 'உதயதாரகை'. 1841இல் தொடங்கிய இந்தத் தமிழ்-ஆங்கில இதழின் ஆசிரியர்கள் செமினரியில் படித்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். பெயரைக் கொண்டு இவர்களை அமெரிக்கர் என எண்ணிவிடக்கூடாது; இருவரும் தமிழர்.

பெயரும் சமையற்கட்டும்

இப்பெயர்கள் எப்படி வந்தன? விடுதி மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவை அமெரிக்காவில் உள்ள ஒரு கொடையாளரோ தேவாலயமோ ஏற்றுக்கொண்டால், அவர்கள் விரும்பும் பெயரை அம்மாணவருக்குச் சூட்டலாம். கொடையாளர் தம் பெயரையோ, இறந்துபோன ஒரு போதகரின் பெயரையோ எழுதி அனுப்புவார். வீட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயருமாகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெற்றோர் இட்ட பெயரை இழப்பதும் கல்விக்குக் கொடுத்த விலைகளுள் ஒன்று. அதைச் சொல்லாமல் அக்கல்வியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

மற்றொன்று சாதி. தொடக்கத்தில் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை உண்ண மறுத்தனர். ஆகவே சமையற்கூடம் வளவுக்கு வெளியே அமைந்தது. பூமி உருண்டை என்பதை ஏற்றுக்கொண்ட மாணவரால், யார் கையால் யார் உண்பது என்பதில் அவ்வளவு எளிதாக மாறமுடியவில்லை. செமினரியில் பயின்றோரில் மிகப் பெரும்பாலோர் வேளாளர். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அக்கதவு அரிதாகவே திறந்தது. உயர்கல்வி கொடுத்தவர்கள், அது யாருக்குக் கிடைக்கவேண்டும் என்ற கேள்வியில் உள்ளூர் வழக்கத்துக்கு இணங்கிப்போனார்கள்.

இதே மாதிரியைக் கண்டு, அதற்கு எதிராக எழுந்தவர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். வகுப்பு முறை, அச்சிட்ட பாடநூல், வினாவிடை, பிரசங்கம் ஆகிய கருவிகளை மிஷனரிகளிடமிருந்து எடுத்துச் சைவத்துக்கு உரியனவாக்கினார். காவிரிக் கழிமுகக் கரைக்கு, மண்டபத்தூருக்கு வடக்கே உள்ள சிதம்பரம் வரைக்கும், மிஷன் பள்ளியின் வடிவம் திருநீறு பூசிக்கொண்டு வந்து சேர்ந்தது எனலாம்.

1855

செமினரியை நடத்தியவர்களுக்குப் பணமும் கொள்கையும் பாஸ்டனிலிருந்தே வரவேண்டும். 1837இல் அமெரிக்காவில் பெரும் பணமுடை ஏற்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் பல இலவசப் பள்ளிகள் மூடப்பட்டன. விடுதி மாணவர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். தொலைதூரத்துக் கொடையை நம்பிய கல்வியின் நிலையாமை அப்போதே வெளிப்பட்டது.

பணத்தை விடப் பெரிய இடர் கொள்கையால் வந்தது. மிஷன் சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன், 1855இல் தூதுக்குழுவுடன் யாழ்ப்பாணம் வந்தார். அவருடைய வாதத்தை நாம் நியாயமாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம். மிஷனின் நோக்கம் உள்ளூர்த் திருச்சபையை உருவாக்குவது. அதற்கு வேண்டியவர்கள் தாய்மொழியில் போதிக்கும் உள்ளூர்ப் போதகர்கள். ஆங்கிலம் கற்றவரோ அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார். தம் மக்களிடமிருந்தும் விலகிவிடுகிறார். அப்படியானால் திருச்சபைப் பணத்தை ஏன் இதில் செலவிடவேண்டும்?

இவ்வாதத்தில் பொய் இல்லை. மாணவர் பலர் உத்தியோகத்துக்காகவே ஆங்கிலம் கற்றனர். இங்கே காரைக்காலில் பிரெஞ்சு கற்றவர் சைகோன் கப்பலுக்குக் காத்திருந்ததைப் போலவே, அங்கே ஆங்கிலம் கற்றவர் கச்சேரி வேலைக்குக் காத்திருந்தார். மிஷனரி கேட்டது ஆன்மா. பெற்றோர் கேட்டது சம்பளம். இரு தரப்பாரும் கல்லூரியை ஒரு கருவியாகவே பார்த்தனர். கருவி தம் நோக்கத்துக்குப் பயன்படவில்லை என்று முதல் தரப்பார் கண்டதும் அதைக் கீழே வைத்துவிட்டனர். 1855இல் செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டின் பிப்ரவரியில், பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்திருந்தார்.

கணக்கில் வராத இருவர்

மூடிய இரண்டு ஆண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை; மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றவர்கள். ஒரு மாகாணம் முழுவதற்கும் உரிய பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டங்களையும், கடல் கடந்து வந்த ஒரே பள்ளியின் மாணவர்கள் பெற்றார்கள். அப்பள்ளியோ அப்போது இல்லை.

விசுவநாதபிள்ளை தமிழில் அட்சரகணித நூலை எழுதியவர். 'வீசகணிதம்' என்ற அந்நூல் 1855இல் வெளிவந்தது. ஒரு காலத்தில் நாவலரை எதிர்த்துக் கிறித்தவத் தரப்பில் நின்று எழுதியவர், பின்னாளில் சைவத்துக்கே திரும்பினார்.

தாமோதரம்பிள்ளை 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்தார். கிறித்தவராக வளர்ந்து, அவரும் சைவரானார். ஆசிரியர், இதழாசிரியர், அரசு அலுவலர், வழக்கறிஞர், புதுக்கோட்டையில் நீதிபதி எனப் பல பதவிகள் வகித்தார். இப்பதவிகளால் அவர் நினைக்கப்படுவதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் 1868இல், வீரசோழியம் 1881இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல், கலித்தொகை 1887இல், சூளாமணி 1889இல் அவர் முயற்சியால் அச்சேறின. செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி, பல பிரதிகளை ஒப்புநோக்கி, ஏடு தந்தவர் பெயர்களைப் பதிப்புரையில் குறித்துப் பதிப்பித்தார். கும்பகோணத்தில் அவர் வழக்கறிஞராயிருந்தபோது அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர் உ.வே. சாமிநாதையர். இருவரும் சீவகசிந்தாமணி ஏடு பற்றிப் பேசிய செய்தியை ஐயர் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். சங்கநூல்கள் அச்சுக்கு வந்த வரலாற்றின் ஒரு முக்கியமான காட்சி, நம் காவிரிக் கரையிலேயே நிகழ்ந்தது.

இனி ஆண்டர்சனின் பேரேட்டைத் திறந்து பார்ப்போம். அதில் இவ்விருவர் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பார்கள்? சந்தேகமின்றி நட்டப் பக்கத்தில். போதகராகவில்லை, திருச்சபையிலும் நிலைக்கவில்லை, உத்தியோகம் பார்த்தார்கள். உத்தியோகத்தையே அளவாகக் கொள்ளும் பெற்றோரின் கணக்கிலும் கலித்தொகைப் பதிப்புக்கு இடமில்லை, அதனால் அவருக்குச் சம்பளம் கூடவில்லை, கைப்பொருள்தான் கரைந்தது. பாஸ்டனின் கணக்கிலும் வீட்டாரின் கணக்கிலும் வராத ஒன்றே அக்கல்லூரியின் மிகச் சிறந்த விளைவாயிற்று. யூக்ளிடையும் நன்னூலையும் ஒரே வாரத்தில் கற்ற ஒரு மனம், நிறுவாமல் எதையும் ஏற்கக்கூடாது என்ற பழக்கத்தை ஏட்டுச்சுவடிக்குக் கொண்டுபோயிற்று என்று நாம் எண்ணுகிறோம்.

தமிழில் மருத்துவம்

தாய்மொழிக் கொள்கை கெடுதலை மட்டுமே செய்தது என்று கூறுவதற்கில்லை. மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் முதலிய துறை நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார். அச்சில் அவை 4,000 பக்கங்களைத் தாண்டும். அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கினார். ஆங்கிலம் படித்தவர் கொழும்புக்குப் போய்விடுவார், தமிழில் படித்தவர் ஊரிலேயே மருத்துவம் பார்ப்பார் என்பது அவர் கண்ட அனுபவம். 1873இல் நாடு திரும்பி, 1884இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவப் பணி செய்தவர் என்ற செய்தி மாசசூசெட்ஸில் உள்ள அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று இன்றும் மேடைதோறும் கேட்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கர் ஒருவர் அதைச் செய்தே காட்டிவிட்டார். எந்த மொழியில் கற்பிப்பது என்பதை விட, கற்பிப்பவர் அம்மொழியில் எவ்வளவு உழைக்கச் சித்தமாயிருக்கிறார் என்பதே பெரிது போலும். மானிப்பாயில் 1842இல் வெளிவந்த தமிழ் அகராதியும், மிரோன் வின்ஸ்லோ 1862இல் சென்னையில் வெளியிட்ட 67,000 சொற்களுக்கு மேற்பட்ட தமிழ்-ஆங்கில அகராதியும் அவ்வுழைப்பின் கனிகளே.

மதுரைக்கு வந்த கிளை

வட்டுக்கோட்டை மூடப்பட்டாலும் விதை அழியவில்லை. பழைய மாணவர்கள் ஓயாது முயன்று, 1872இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தோற்றுவித்தனர். இம்முறை கேட்டவர்கள் தமிழர்கள். பாஸ்டன் இசைவு தந்தது.

இதற்கிடையே 1834இலேயே ஹொய்சிங்டனும் வில்லியம் டாடும் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து மிஷனின் கிளையைத் தொடங்கியிருந்தனர். பூவரும் சில ஆண்டுகள் மதுரையில் பணியாற்றினார். அக்கிளையில் 1842இல் திருமங்கலத்தில் ஒரு செமினரி முளைத்து, 1845இல் பசுமலைக்கு மாறியது. அங்கே ஜார்ஜ் வாஷ்பர்ன் காலத்தில், 1881இல், கல்லூரி வகுப்புகள் தொடங்கின. 1904இல் கல்லூரி மதுரை நகருக்கு வந்தது. 1909 முதல் அமெரிக்கன் கல்லூரி என வழங்கலாயிற்று. அதன் தலைவர் சம்ப்ரோ எழுப்பிய செங்கல் கட்டடங்களை இன்றும் கோரிப்பாளையம் வழியே செல்வோர் காணலாம். நூலகத்துக்கு டானியல் பூவரின் பெயரே வைக்கப்பட்டுள்ளது. 1948இல் கேட்டி வில்காக்ஸ், மகளிர்க்கென லேடி டோக் கல்லூரியை நிறுவினார். 1978இல் இந்தியாவில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளின் வரிசையில் அமெரிக்கன் கல்லூரியும் சேர்ந்தது. பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் அந்த உரிமையை, 1823இல் வட்டுக்கோட்டைக்கு மறுக்கப்பட்ட சாசனத்தின் வழித்தோன்றல் என்று கொண்டால் பிழையில்லை.

மிஷனரிகள் தம் சொந்தப் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் பாடமுறையே அங்கு நடந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கு அது திறந்தது பின்னாளில்தான். ஆக, கல்லூரியை நம்மோடு பகிர்ந்துகொண்ட அமெரிக்கர்கள் தம் உயர்நிலைப் பள்ளியை நெடுங்காலம் தமக்கென்றே வைத்திருந்தனர்.

அளவுகோல்

அமெரிக்காவிலும் அந்தப் பழைய கல்லூரி அப்படியே இல்லை. 1862இன் மோரில் சட்டம் உழவுக்கும் பொறியியலுக்கும் கல்லூரிகளைப் பெருக்கியது; 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட் பாடங்களைத் தெரிவு செய்யும் உரிமையை மாணவருக்கு வழங்கினார்; 1944ஆம் ஆண்டுச் சட்டம் போரிலிருந்து திரும்பிய வீரர்களை இலட்சக்கணக்கில் கல்லூரிக்கு அனுப்பியது. 1983 முதல் ஒரு வார இதழ் கல்லூரிகளை வரிசை எண்ணிட்டு அடுக்கத் தொடங்கியது. 2016 முதல் நம் நாட்டிலும் அரசே தரவரிசை வெளியிடுகிறது. வரிசை எண்ணைப் பார்த்துப் பெற்றோர் கல்லூரியைத் தேர்கின்றனர். வளாக நேர்காணலில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கின்றனர்.

வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்திடம் அப்படிச் சொல்வது கொடுமை. 1840களின் யாழ்ப்பாணத்துத் தந்தையும் உத்தியோகத்தை விரும்பியதில் தவறு இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் அளவாக வைத்துக்கொண்டு, அதில் தேறாததால் ஒரு கல்லூரியையே தூக்கி எறிவது எத்தகைய பிழை என்பதற்கு 1855 சாட்சியாக நிற்கிறது. ஆண்டர்சன் ஆன்மாக்களை எண்ணினார்; நாம் வேலை ஆணைகளை எண்ணுகிறோம். பொருள் மாறியிருக்கிறது, எண்ணும் முறை மாறவில்லை.

வட்டுக்கோட்டையின் தரம் எதில் இருந்தது? கட்டடங்களில் இல்லை, அது பாழ்க் கோயிலில் தொடங்கியது. சாசனத்திலும் இல்லை, அது கிடைக்கவே இல்லை. மாணவரோடு ஒரே வளவில் வாழ்ந்து, அவர்தம் மொழியைக் கற்று, தாம் எதிர்க்க வந்த நூல்களையும் படித்துப் பார்த்த ஆசிரியர்களிடத்தில் இருந்தது. அதைவிட, கற்றதைக் கொண்டு ஆசிரியரோடே மாறுபட்டு நிற்கத் துணிந்த மாணவர்களிடத்தில் இருந்தது.

மண்டபத்தூரிலோ, கடற்கரையோரத்து வேறெந்த ஊரிலோ, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையுடன் கல்லூரி பார்க்கச் செல்லும் பெற்றோர், வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்தபின் இன்னும் ஒன்றைக் கேட்கலாம்: இங்குள்ள ஆசிரியர்கள் இப்போதும் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்களா? அமெரிக்கக் கல்லூரியானாலும் அடுத்த ஊர்க் கல்லூரியானாலும், தயங்காமல் ஆம் என்று விடை வரும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கலாம்.